புதுசா கிளாஸுக்குப் போற டீச்சர்களுக்கு: கத்தாம, அடிக்காம வகுப்ப நடத்துறது எப்படி

பி.எட். முடிச்சிட்டு முதல் தடவையா சொந்தமா ஒரு கிளாஸ கையில வாங்குறவங்க, பள்ளி மேலாண்மைக் குழு மூலமா தற்காலிகமா சேர்ந்திருக்கவங்க, பிரைமரில இருந்து ஹைஸ்கூலுக்கு மாறி வந்திருக்கவங்க, உங்க எல்லாருக்கும் சேர்த்து இத எழுதுறேன். 6ம் வகுப்புல இருந்து 9ம் வகுப்பு வரைக்கும் உள்ள தமிழ்நாட்டு அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி கிளாஸ்ரூம மனசுல வச்சுதான் சொல்றேன். கல்வி உரிமைச் சட்டப்படி 6ல இருந்து 8 வரைக்கும் 35 பிள்ளைங்களுக்கு ஒரு டீச்சர்னு இருக்கு, ஆனா ஒரே ரூம்ல அதுக்கு மேல நெருக்கி உக்காந்திருக்கற செக்‌ஷனும் நமக்குத் தெரியும், பீரியட் 40, 45 நிமிஷம், அதுல அட்டெண்டன்ஸ், நோட்டு வாங்குறது, "மிஸ் இவன் என் பேனாவ எடுத்துட்டான்"னு வர்ற பஞ்சாயத்து இதெல்லாம் போக பாடம் நடத்த எவ்ளோ நேரம் மிஞ்சுதுங்கறதுதான் விஷயமே.

கிளாஸ் சத்தமா ஆனதுக்கு அப்புறம் என்ன பண்றதுன்னுதான் புதுசா வர்றவங்க எல்லாரும் கேக்குறாங்க. நான் அதுக்கு முன்னாடி நடக்கறதத்தான் பாக்கச் சொல்லுவேன். அமெரிக்காவுல ஜேக்கப் கூனின்னு ஒரு உளவியல் ஆராய்ச்சியாளர், தன்னோட காலேஜ் கிளாஸ்ல நியூஸ்பேப்பர் படிச்சிட்டிருந்த ஒரு பையன கண்டிச்சிருக்கார், உடனே அவன் மட்டுமில்லாம சுத்தி இருந்தவங்களும் கப்சிப்னு ஆயிட்டாங்க, அது அவருக்கு ஆச்சரியமா இருந்திருக்கு. அதுல ஆரம்பிச்சு ஸ்கூல் கிளாஸ்ரூம்கள வீடியோ எடுத்து வருஷக்கணக்கா பாத்து 1970ல முடிவ வெளியிட்டார். நல்லா நடக்குற கிளாஸ் டீச்சரும் நடக்காத கிளாஸ் டீச்சரும் கண்டிக்கற விதத்துல பெரிய வித்தியாசமே தெரியல. கிளாஸ்ல எந்த மூலையில என்ன நடக்குதுன்னு இவங்களுக்குத் தெரியும்ங்கற எண்ணம் பிள்ளைங்களுக்கு இருக்கா, ஒரு வேலையில இருந்து அடுத்த வேலைக்கு இடைவெளி விழாம போகுதா, இதுலதான் வித்தியாசம் இருந்துச்சு. கீழ உள்ள ஒவ்வொரு ஸ்டெப்பும் இதுக்காகத்தான்.

ஸ்டெப் 1: பேரு

உள்ள போறதுக்கு முன்னாடியே கிளாஸ் டீச்சர்கிட்ட பேர் லிஸ்ட் வாங்கி ஒரு தடவை படிச்சுப் பாத்துடுங்க. ஒரு முழு வெள்ளத் தாள்ல பெஞ்ச் பெஞ்சா கட்டம் போட்டு முதல் நாளே யார் எங்க உக்காந்திருக்காங்கன்னு எழுதி டேபிள்ல ஒட்டிடுங்க, முதல் ஒரு வாரம் யாரும் இடம் மாறக்கூடாதுன்னு சொல்லிடுங்க. ரெண்டு ஹரிஷ், மூணு தர்ஷினி இருப்பாங்க, அவங்கள "உன்ன எப்படிக் கூப்பிடட்டும்"னு அவங்ககிட்டயே கேளுங்க. "ஏய் ப்ளூ பேக்", "டேய் கடைசி பெஞ்ச்", "குண்டு", "கருப்பா" இதெல்லாம் வாயில வரவே கூடாது. டீச்சர் வாயில ஒரு தடவை வந்த பட்டப்பேரு ஸ்கூல் முடிக்கிற வரைக்கும் அந்தப் பிள்ளைய விடாது.

6ம் வகுப்பு எடுக்கறவங்களுக்கு இன்னொன்னு. அந்தப் பிள்ளைங்க நாலஞ்சு தொடக்கப் பள்ளியில இருந்து வந்து சேர்ந்திருப்பாங்க, அது வரைக்கும் ஒரே டீச்சர் நாள் பூரா கூட இருந்திருப்பாங்க, இப்போ மணி அடிச்சா ஆள் மாறுது, ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு ரூல். ஜூன் ஜூலைல அவங்க பண்ற அலப்பறையில பாதி, யாரு என்ன எதிர்பாக்குறாங்கன்னு புரியாத குழப்பம்தான், அத திமிருன்னு எடுத்துக்காதீங்க.

ஸ்டெப் 2: வாசல்லயும் முதல் மூணு நிமிஷத்துலயும்

முடிஞ்ச வரைக்கும் பிள்ளைங்களுக்கு முன்னாடியோ அவங்களோடயோ வாசல்ல நில்லுங்க, ஒவ்வொருத்தரா உள்ள போகும்போது முகத்த பாருங்க, யாரு அழுதுட்டு வர்றா, யாரு சண்டை போட்டுட்டு மூச்சு வாங்க வர்றா, எல்லாம் அங்கயே தெரிஞ்சிடும். நம்ம ஸ்கூல்ல பெரும்பாலும் பிள்ளைங்க ரூம்லயே இருப்பாங்க, நாமதான் மாறி மாறிப் போறோம், அப்போ முந்தின டீச்சர் கிளம்பி நீங்க வர்ற அந்த ரெண்டு மூணு நிமிஷம்தான் நாள்லயே பெரிய ஓட்டை. அத அடைக்க ஒரே வழி, நீங்க வர்றதுக்கு முன்னாடியே அவங்களுக்கு வேலை இருக்கணும். "மணி அடிச்சதும் நோட்ட எடுத்து தேதி போட்டு, நேத்து நடத்துனதுல இருந்து ஒரு கேள்விய நீங்களே எழுதி வைக்கணும்"னு தினமும் ஒரே மாதிரி ஒரு வேலைய பழக்கிடுங்க. நீங்க அட்டெண்டன்ஸ் பாக்குற நேரத்துல அவங்க எழுதிட்டிருப்பாங்க. அட்டெண்டன்ஸ சத்தமா ஒவ்வொரு பேரா கூப்பிட்டு நாலு நிமிஷம் செலவு பண்ணாதீங்க, சீட்டிங் தாள பாத்தாலே காலி இடம் தெரியுமே.

அந்த எழுதுற வேலை எல்லாராலயும் செய்யக்கூடிய அளவுக்கு சின்னதா இருக்கணும். கஷ்டமானத குடுத்தா எழுத வராத பிள்ளை அந்த நிமிஷத்துலயே பக்கத்துல இருக்கறவன சீண்ட ஆரம்பிச்சிடும்.

ஸ்டெப் 3: ரூல் நாலு போதும், ஆனா பழக்கி விடணும்

பத்து பன்னெண்டு ரூல் சார்ட்ல எழுதி ஒட்டினா யாரும் படிக்கறதில்ல. நாலு போதும்: ஒருத்தர் பேசும்போது மத்தவங்க கேப்போம், கைதூக்கி பேசுவோம், அடுத்தவங்க உடம்பையும் பொருளையும் கேக்காம தொட மாட்டோம், குடுத்த வேலைய முடிப்போம். "செய்யாதே"ன்னு எழுதாம எது செய்யணுமோ அத எழுதுங்க, பிள்ளைங்களையே கேட்டு அவங்க வார்த்தையில எழுத வச்சா இன்னும் நல்லது.

ரூல விட முக்கியம் பழக்கம். பாத்ரூம் போகணும்னா என்ன பண்ணணும், தண்ணி குடிக்கணும்னா, பேனா மை தீந்துட்டா, வேலைய சீக்கிரம் முடிச்சிட்டா, லேட்டா வந்தா, இந்த அஞ்சுக்கும் பதில் பிள்ளைங்களுக்குத் தெரிஞ்சிருந்தா பாதி தொல்லை தீர்ந்துடும். பேனாவுக்கு ஒரு சின்ன டப்பா டேபிள்ல வைங்க, எடுத்துக்கலாம், பெல் அடிச்சதும் திருப்பி வைக்கணும், பேனா இல்லங்கறதுக்காக ஒரு பிள்ளை எழுதாம உக்காந்திருக்கவும் வேண்டாம், நீங்க அதுக்குத் திட்டவும் வேண்டாம். பாத்ரூமுக்கு ஒரு நேரத்துல ஒரு பையன், ஒரு பொண்ணு, கதவு பக்கத்துல மாட்டியிருக்கற அட்டைய எடுத்துட்டுப் போயிட்டு வந்து மாட்டணும், கேக்கக்கூட வேண்டாம். பொண்ணுங்களுக்கு பாத்ரூம் போக அனுமதி மறுக்கறத எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீங்க, பீரியட்ஸ் ஆரம்பிக்கிற வயசு அது, கிளாஸ் நடுவுல காரணம் சொல்லச் சொல்லி அந்தப் பிள்ளைய நிக்க வைக்கறது பெரிய கொடுமை.

நோட்டு வாங்குற விஷயத்த மட்டும் கொஞ்சம் விவரமா சொல்றேன், ஏன்னா தள்ளுமுள்ளு அதிகமா நடக்கறதே அங்கதான். "நோட்ட கொண்டு வந்து வைங்க"ன்னு சொன்னா 40 பேர் ஒரே நேரத்துல எழுந்து டேபிள மொய்ப்பாங்க, ஒருத்தன் கால ஒருத்தன் மிதிப்பான், ஒரு நோட்டு கிழியும், அதுக்கு ஒரு பஞ்சாயத்து. அதுக்கு பதிலா, நோட்ட இன்னைக்கு எழுதின பக்கத்துல திறந்து வச்சு, கடைசி பெஞ்ச்ல இருந்து முன்னாடி பெஞ்ச்சுக்கு கடத்தணும், திறந்த நோட்டு மேல திறந்த நோட்டு, முதல் பெஞ்ச் ஓரத்துல இருக்கறவங்க மட்டும் எடுத்துட்டு வந்து டேபிள்ல வரிசையா வைக்கணும். முதல் நாள் இத பாடம் மாதிரியே சொல்லிக் குடுத்து, செய்ய வச்சு, சரியா வரலன்னா திரும்ப நோட்ட குடுத்து மறுபடி செய்ய வைங்க. சலிப்பா இருக்கும். ஆனா ரெண்டு வாரத்துல ஒரு நிமிஷத்துல முடிய ஆரம்பிச்சிடும், உங்களுக்கும் திருத்தும்போது பக்கம் தேட வேண்டியதில்ல. லைன்ல போறது, குரூப்பா உக்கார பெஞ்ச் திருப்பறது, எல்லாத்தையும் இதே மாதிரி நடத்திக் காட்டி பழக்குங்க. முதல் ரெண்டு வாரம் போர்ஷன் கொஞ்சம் பின்தங்கினாலும் பரவாயில்ல, ஹெச்.எம். கேட்டா தைரியமா காரணத்த சொல்லுங்க.

ஸ்டெப் 4: குரல்

40 பேர் சத்தத்துக்கு மேல நீங்க கத்தினா உங்க குரலையும் தாண்டி அவங்க பேசுவாங்க, அவ்ளோதான். அரையாண்டு வர்றதுக்குள்ள தொண்டை போயிடும், நம்ம வேலையில தொண்டைதான் முதல்ல பழுதாகுது. ஒரு சிக்னல் வைங்க, கைய தூக்கினா எல்லாரும் கைய தூக்கி வாய மூடணும்னோ, நீங்க ரெண்டு தட்டு தட்டினா அவங்க மூணு தட்டு தட்டணும்னோ எதுவா இருந்தாலும் சரி, ஒரே சிக்னலா வருஷம் பூரா இருக்கணும். சிக்னல் குடுத்ததும் எல்லாரும் அமைதியாகற வரைக்கும் பேச ஆரம்பிக்காதீங்க, முக்காவாசி பேர் அமைதியாயிட்டாங்க போதும்னு ஆரம்பிச்சா மீதி கால்வாசி பேருக்கு "இது நமக்கு இல்ல"ன்னு நீங்களே சொல்லிக் குடுத்த மாதிரி ஆயிடும். அமைதியானதும் வழக்கத்த விட மெதுவா பேசுங்க.

கேள்வி கேக்கும்போதும் இதே பொறுமை வேணும். மேரி பட் ரோன்னு ஒரு அம்மா 1970கள்ல கிளாஸ்ரூம் பேச்ச டேப்ல பதிவு பண்ணி பாத்தப்போ, டீச்சருங்க கேள்வி கேட்டுட்டு சராசரியா ஒரு செகண்டு கூட காத்திருக்கறதில்லன்னு தெரிஞ்சுது, அத மூணு செகண்டா கூட்டினதும் பதில் நீளமாச்சு, வழக்கமா வாயே திறக்காத பிள்ளைங்களும் பேசினாங்க. நீங்களும் மனசுக்குள்ள மூணு எண்ணிட்டு அப்புறம் பேர கூப்பிடுங்க. முதல்ல பேர சொல்லிட்டு கேள்விய கேட்டா மத்த 39 பேரும் அப்பாடான்னு வேற வேலைய பாப்பாங்க, அதனால கேள்வி முதல்ல, பேரு கடைசில.

ஸ்டெப் 5: சின்ன தப்புக்கு சின்ன கை

பேசுறது, திரும்பிப் பாக்கறது, பென்சில் தட்டுறது, ராக்கெட் விடறது, இதெல்லாம் கிளாஸ நிறுத்தற அளவுக்கு பெரிய விஷயமே இல்ல. முதல்ல ஒரு பார்வை. நிக்கலன்னா பாடத்த நிறுத்தாமலே நடந்து அந்த பெஞ்ச் பக்கத்துல போய் நின்னு அங்க இருந்தே நடத்துங்க. அப்பவும் நிக்கலன்னா அவன் புத்தகத்துல எந்த வரியில இருக்கோமோ அங்க விரல வைங்க. அதுக்கும் மேல போனா, குனிஞ்சு அவனுக்கு மட்டும் கேக்கற குரல்ல, "கார்த்தி, 43ம் பக்கம், மூணாவது கணக்கு, நான் ரெண்டு நிமிஷத்துல வந்து பாக்கறேன்"னு சொல்லிட்டு நகர்ந்துடுங்க. நகர்றது ரொம்ப முக்கியம். அங்கயே நின்னு முறைச்சிட்டிருந்தா அவனுக்கு பிரண்ட்ஸ் முன்னாடி கெத்து காட்டியே ஆகணும்ங்கற நிலைமை வந்துடும், 13, 14 வயசு பையனால அந்த இடத்துல இறங்கி வரவே முடியாது. ரெண்டு நிமிஷம் கழிச்சு சொன்ன மாதிரி திரும்பி வந்து பாருங்க, எழுதியிருந்தா "ம், சரி"ன்னு ஒரு வார்த்தை.

"ஏன்டா பேசற?"ன்னு கேக்காதீங்க, அதுக்கு அவன்கிட்ட பதிலும் கிடையாது, "நான் பேசல மிஸ், இவன்தான்"னு ஆரம்பிச்சு பத்து நிமிஷம் போயிடும். அடுத்து என்ன செய்யணும்ங்கறத மட்டும் சொல்லுங்க.

நல்லா செய்யறதையும் இதே மாதிரி குறிப்பா சொல்லுங்க. "வெரி குட்"ன்னு பொதுவா சொல்றதுல ஒண்ணுமில்ல, "மூணாவது வரிசை, நான் சொல்றதுக்கு முன்னாடியே நோட்ட திறந்துட்டீங்க"ன்னு சொன்னா மத்த வரிசைக்கும் என்ன செய்யணும்னு தெரியுது.

போர்டுல பேர் எழுதுறது

இத தனியா சொல்லணும். டீச்சர் இல்லாத நேரத்துல கிளாஸ் லீடர் போர்டுல ஒரு கோடு கிழிச்சு "பேசுபவர்கள்"னு எழுதி பேர் எழுதற வழக்கம் நம்ம எல்லா ஸ்கூல்லயும் இருக்கு, பேருக்கு பக்கத்துல பெருக்கல் குறி ரெண்டு மூணுன்னு ஏறிட்டே போகும். தயவுசெஞ்சு உங்க கிளாஸ்ல இத நிறுத்திடுங்க. பிடிக்காதவன் பேர எழுதறது, சாக்லேட்டோ பேனாவோ வாங்கிட்டு பேர அழிக்கறது, ஸ்கூல் விட்டு போகும்போது லீடர ரோட்டுல வச்சு மிரட்டறது, எல்லாம் அதுல இருந்து முளைக்குது. லீடரா இருக்கற பிள்ளைக்கு போலீஸ் வேலை, மத்தவங்களுக்கு அவன்மேல வெறுப்பு, படிச்ச பிள்ளைதான் லீடர்ங்கறதால மார்க் வாங்காதவங்களுக்கு அந்த இடம் கிடைக்கவே கிடைக்காது. அதுக்கு பதிலா வேலைய பிரிச்சு வாரா வாரம் மாத்துங்க: போர்டு துடைக்க ஒருத்தர், நோட்டு எடுத்து வர ரெண்டு பேர், ஃபேன் லைட் பாக்க ஒருத்தர், வராதவங்களுக்கு ஹோம்வொர்க் சொல்ல ஒருத்தர், பேனா டப்பாவுக்கு ஒருத்தர். அதிகமா ஆட்டம் போடற பிள்ளைக்கு நடந்து செய்யற மாதிரி வேலை குடுங்க, அவனுக்கு எந்திரிச்சு நடக்க நியாயமான காரணம் வேணும், அவ்ளோதான்.

ஸ்டெப் 6: அடிக்கறது கிடையாது, அதுக்கு பதிலா வர்ற மத்ததும் கிடையாது

2009ல வந்த கல்வி உரிமைச் சட்டத்தோட 17வது பிரிவு உடல் ரீதியான தண்டனையையும் மன ரீதியான துன்புறுத்தலையும் தடை பண்ணுது, மீறினா துறை நடவடிக்கை வரும். ஆனா சட்டத்துக்கு பயந்து மட்டும் அடிக்காம இருக்காதீங்க. பிரம்ப பாத்து அடங்குற கிளாஸ் பிரம்பு இல்லாத டீச்சர் கிட்ட ரெண்டு மடங்கு ஆடும், வீட்ல தினம் அடி வாங்குற பிள்ளைக்கு உங்க அடி ஒரு பொருட்டே இல்ல, அடியே வாங்காத பிள்ளை அத சாகுற வரைக்கும் மறக்காது.

ஸ்டாஃப் ரூம்ல சீனியர்ஸ் சொல்வாங்க, "ரெண்டு போடு போட்டாதான் அடங்குவானுங்க, நீங்க ரொம்ப செல்லம் குடுக்கறீங்க"ன்னு. அவங்ககிட்ட வாதம் பண்ண வேண்டாம், "நான் இப்படி முயற்சி பண்ணி பாக்கறேன் சார்"னு சொல்லிட்டு உங்க வேலைய பாருங்க. பேரண்ட்ஸே வந்து "கண்ண மட்டும் விட்டுட்டு தோல உரிச்சிடுங்க டீச்சர், நான் ஏன்னு கேக்க மாட்டேன்"னு பிள்ளை முன்னாடியே சொல்லுவாங்க. அதுக்கு சிரிச்சு தலையாட்டிடாதீங்க, அந்தப் பிள்ளை உங்க முகத்தத்தான் பாத்துட்டிருக்கும். "அடிக்கறது இல்லம்மா, அவன் செய்வான், நான் பாத்துக்கறேன், நீங்க ராத்திரி பத்து மணிக்கு போன மட்டும் வாங்கி வச்சிடுங்க"ன்னு அவங்களால முடிஞ்ச ஒரு வேலைய குடுங்க.

அடிக்கலன்னு சொல்லிட்டு முட்டி போட வைக்கறது, தோப்புக்கரணம், வெயில்ல நிக்க வைக்கறது, நாள் பூரா வெளிய நிறுத்தறது இதெல்லாமும் அதே தண்டனைதான். நூறு தடவை இம்போசிஷன் எழுத வச்சா எழுதறதே தண்டனைன்னு பிள்ளை கத்துக்கும், நாளைக்கு அதே பிள்ளைகிட்ட கட்டுரை எழுதுன்னு எப்படி கேப்பீங்க. ஒருத்தன் பேசினதுக்கு மொத்த கிளாஸுக்கும் தண்டனை குடுத்தா பேசாம இருந்த 35 பேரும் உங்களுக்கு எதிரா சேர்ந்துடுவாங்க. பி.டி. பீரியட பிடுங்காதீங்க, அதிகமா ஓட வேண்டிய பிள்ளைதான் அங்க போகாம கிளாஸ்ல உக்காந்திருக்கும். அப்புறம் பையன்கள "பொண்ணுங்க நடுவுல உக்கார வைப்பேன்"னு மிரட்டறது, இது ரொம்ப சாதாரணமா நடக்குது, பொண்ணு பக்கத்துல உக்கார்றதே அவமானம்னு ரெண்டு பக்கமும் சொல்லிக் குடுக்கறோம் அதுல.

பதிலுக்கு என்ன பண்ணலாம்னா, தப்புக்கு நேரா சம்பந்தப்பட்ட வேலை. கொட்டினவன் துடைக்கணும், கிழிச்சவன் ஒட்டித் தரணும், பெஞ்ச்ல கிறுக்கினவன் சாயங்காலம் பத்து நிமிஷம் இருந்து தேய்ச்சு கழுவணும், வேலை முடிக்காதவன் சாப்பிட்டுட்டு வந்து என் முன்னாடி உக்காந்து முடிக்கணும் (சாப்பாட்ட முடிச்சிட்டுதான், அதுல கை வைக்கக் கூடாது). சின்னதா இருந்தாலும் சொன்னா அன்னைக்கே நடக்கணும். "டிசி குடுத்துடுவேன்"னு நடக்காத மிரட்டல் விட்டா ரெண்டே நாள்ல உங்க வார்த்தைக்கு மதிப்பில்லன்னு புரிஞ்சிக்குவாங்க.

ஸ்டெப் 7: சண்டை, சாதி

கைகலப்புன்னா முதல்ல வேடிக்கை பாக்குற கூட்டத்த கலைங்க, பாக்க ஆள் இல்லன்னா பாதி சண்டை நின்னுடும். ரெண்டு பேரையும் தனித்தனி இடத்துல உக்கார வச்சு தண்ணி குடுங்க, கொதிப்பு அடங்க நேரம் குடுங்க, அப்புறம் தனித்தனியா "என்ன நடந்துச்சு"ன்னு கேட்டு அவங்களையே எழுதித் தரச் சொல்லுங்க, தேதியோட நீங்களும் ஒரு வரி எழுதி ஹெச்.எம். கிட்ட அன்னைக்கே சொல்லிடுங்க. உடனே கட்டிப்பிடிக்க வச்சு சாரி சொல்ல வைக்கறது ஒண்ணுக்கும் ஆகாது.

சண்டைக்குப் பின்னாடி சாதி இருந்தா அத சின்னப்பசங்க சண்டைன்னு மூடி வைக்காதீங்க. 2023 ஆகஸ்ட்ல திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில கூடப் படிச்ச பையன்களே வீடு புகுந்து ஒரு மாணவனையும் தங்கச்சியையும் வெட்டினது நமக்கெல்லாம் தெரியும், அதுக்கப்புறம் அமைச்ச நீதிபதி சந்துரு குழு 2024 ஜூன்ல குடுத்த அறிக்கையில மாணவங்க சாதிய காட்டற மாதிரி கையில கலர் கயிறு கட்டறத தடை பண்ணணும்னு பரிந்துரை பண்ணியிருக்கு. உங்க கிளாஸ்ல கயிறு கலர், பைக், பைல ஒட்டியிருக்கற ஸ்டிக்கர், யாரு யாரோட உக்காந்து சாப்பிடறாங்க, இதெல்லாம் பாத்துட்டே இருங்க. ஸ்காலர்ஷிப் லிஸ்டுக்காக கிளாஸ்ல சத்தமா "எஸ்.சி. பிள்ளைங்க எல்லாம் எந்திரிங்க"ன்னு கேக்கவே கேக்காதீங்க, ரெக்கார்டுல இருக்கறத பாத்து தனியா கூப்பிட்டு கையெழுத்து வாங்கிக்கலாம். சீட்டிங்க நீங்க போடுங்க, மாசம் ஒரு தடவை கலைச்சுப் போடுங்க, அவங்க இஷ்டத்துக்கு விட்டா தெரு தெருவாதான் உக்காருவாங்க.

ஸ்டெப் 8: திரும்பத் திரும்ப அதே பிள்ளையா

எல்லாம் பண்ணியும் தினமும் ரெண்டு மூணு பிள்ளைங்க மட்டும் அதே மாதிரி இருந்தா, காரணத்த தேடுங்க. என் அனுபவத்துல முதல் காரணம், படிக்கத் தெரியாது. 8ம் வகுப்புல உக்காந்திருக்கற பையனுக்கு எழுத்துக்கூட்டவே வராது, "எந்திரிச்சு வாசி"ன்னு நீங்க சொல்லப் போறீங்கன்னு தெரிஞ்சதும் எதையாவது தட்டி விடுவான், பக்கத்துல இருக்கறவன கிள்ளுவான், வெளிய அனுப்பினா அவனுக்கு நிம்மதி. ரவுடின்னு பேர் வாங்கறது அவனுக்கு முட்டாள்னு பேர் வாங்கறத விட மேல். அந்தப் பிள்ளைய கிளாஸ் நடுவுல வாசிக்கச் சொல்லாதீங்க, தனியா அஞ்சு நிமிஷம் உக்கார வச்சு எது வரைக்கும் வருதுன்னு பாருங்க, மறுநாளைக்கு கேக்கப் போற ஒரே ஒரு வரிய முந்தின நாளே சொல்லிக் குடுத்து அத மட்டும் கேளுங்க, கிளாஸ் முன்னாடி சரியா சொன்ன அன்னைக்கு அந்த முகத்த பாருங்க.

அடுத்தது கண்ணு. கடைசி பெஞ்ச்ல போர்டு தெரியாத பிள்ளை பக்கத்துல பாத்துதான் எழுதணும், அது உங்களுக்கு பேசற மாதிரி தெரியும். முன்னாடி உக்கார வச்சுப் பாருங்க, ஸ்கூலுக்கு வர்ற மெடிக்கல் டீம்கிட்ட காட்டுங்க, அரசுப் பள்ளி பிள்ளைங்களுக்கு கண்ணாடி இலவசமாவே கிடைக்கும். காதும் அப்படித்தான். பசி இன்னொன்னு, முதலமைச்சர் காலை உணவுத் திட்டம் 5ம் வகுப்பு வரைக்கும்தான், 6ம் வகுப்பு வந்ததும் அதே பிள்ளை காலைல வெறும் வயித்தோட வர ஆரம்பிக்கலாம், மூணாவது பீரியட்ல எரிஞ்சு விழுதுன்னா "காலைல என்ன சாப்பிட்ட"ன்னு மெதுவா கேளுங்க. விடியக்காலைல பேப்பர் போடறது, பூ கட்டறது, தண்ணி பிடிக்கறது, அப்பா குடிச்சிட்டு வந்து ராத்திரி பூரா தூக்கமில்லாம போறது, எல்லாமே கிளாஸ்ல தூக்கமாவோ கோபமாவோதான் வெளிய வரும். ஒரு இடத்துல உக்காரவே முடியாத, எப்பவும் கவனம் சிதறுற பிள்ளைன்னா வட்டார வள மையத்துல இருக்கற சிறப்பாசிரியர்கிட்ட சொல்லுங்க, நீங்களே பேர் வைக்காதீங்க.

பிள்ளை உங்கள நம்பி யாரோ தொடறாங்க, தப்பா நடந்துக்கறாங்கன்னு சொன்னா, "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்"னு சத்தியம் பண்ணாதீங்க, துருவித் துருவியும் கேக்காதீங்க. "நீ சொன்னது நல்லது, உன் மேல தப்பு இல்ல, உனக்கு உதவி பண்றவங்ககிட்ட நான் சொல்லியாகணும்"னு சொல்லுங்க. 2012 போக்சோ சட்டப்படி தெரிஞ்சவங்க புகார் சொல்லியே ஆகணும், மறைச்சா அது குற்றம், ஹெச்.எம். வேண்டாம்னு சொன்னாலும் உங்க பொறுப்பு போகாது. சைல்டு லைன் 1098, பள்ளிக்கல்வித் துறை உதவி எண் 14417, ரெண்டையும் கிளாஸ்லயும் எழுதிப் போடுங்க.

ஸ்டெப் 9: வீட்டுக்கு போன்

ஜூன், ஜூலைலயே, எந்தப் பிரச்சனையும் வர்றதுக்கு முன்னாடி, ஆட்டம் போடற பிள்ளை வீட்டுக்குத்தான் முதல்ல போன் பண்ணுங்க, நல்ல விஷயம் ஒண்ணு சொல்றதுக்காக. "அம்மா, ஸ்கூல்ல இருந்து பேசறேன்"னதும் அந்தப் பக்கம் பதறும், "ஒண்ணுமில்லம்மா, இன்னைக்கு உங்க பையன் கீழ விழுந்த பிள்ளைய தூக்கிட்டுப் போய் கால கழுவி விட்டான், அத சொல்லத்தான் கூப்பிட்டேன்"னு சொல்லிப் பாருங்க. அப்புறம் ஒரு நாள் கஷ்டமான விஷயம் சொல்ல வேண்டி வந்தா அவங்க உங்க பக்கம் நின்னு கேப்பாங்க. சாயங்காலம் ஆறு ஏழு மணிக்கு மேல கூப்பிடுங்க, வேலைக்குப் போறவங்க பகல்ல எடுக்க முடியாது. "நாளைக்கு பேரண்ட கூட்டிட்டு வந்தாத்தான் உள்ள விடுவேன்"னு சொன்னா அவங்களுக்கு ஒரு நாள் கூலி போச்சு, அந்தக் கோபம் ராத்திரி பிள்ளை முதுகுலதான் இறங்கும். போன்ல முடியறத போன்லயே முடிங்க. நிறைய வீட்ல பாட்டிதான் வளர்க்கறாங்க, அவங்கள "உங்க பேரனுக்கு"ன்னு மரியாதையா கேட்டுப் பேசுங்க.

கஷ்டமான பீரியடும் லீவு முடிஞ்ச வாரமும்

சாப்பாட்டுக்கு அப்புறம் வர்ற முதல் பீரியட், பி.டி.க்கு அடுத்தது, எட்டாவது பீரியட், மழை நாள், தீபாவளி பொங்கலுக்கு முந்தின நாள், இதெல்லாம் எந்த டீச்சருக்கும் கஷ்டம்தான். பி.டி. முடிஞ்சு வந்தா தண்ணி குடிக்க ரெண்டு நிமிஷம் குடுத்துட்டு உடனே லெக்சர் ஆரம்பிக்காம அமைதியா எழுதற வேலைய குடுங்க, வேர்வை அடங்கட்டும். சாப்பாட்டுக்கு அப்புறம் நேர் எதிரா, தூக்கம் வரும், ஜோடியா பேசறது, எந்திரிச்சு போர்டுல போடறதுன்னு உடம்ப அசைக்க வைங்க. எந்த பீரியடா இருந்தாலும் பதினஞ்சு நிமிஷத்துக்கு மேல ஒரே வேலைய இழுக்காதீங்க. அடுத்த டீச்சர் லீவுன்னு திடீர்னு அனுப்பினா "அமைதியா படிங்க"ன்னு உக்காராதீங்க, பையில எப்பவும் ஒரு கதையோ புதிரோ ஓவியப் போட்டியோ தயாரா இருக்கணும்.

காலாண்டு, அரையாண்டு லீவு முடிஞ்சு வந்தா பழகின எல்லாம் பாதி மறந்துருக்கும், ஜூன்ல செஞ்ச மாதிரியே நோட்டு கடத்தறதுல இருந்து கைதூக்கற சிக்னல் வரைக்கும் மறுபடி ரெண்டு நாள் பழக்குங்க.

அப்புறம் ஒரு சின்ன நோட்டு வச்சுக்கங்க. சாயங்காலம் ரெண்டு நிமிஷம், எந்த கிளாஸ்ல எத்தனாவது நிமிஷத்துல சத்தம் ஆரம்பிச்சுது, அப்போ நான் என்ன பண்ணிட்டிருந்தேன், அத மட்டும் எழுதுங்க, யாரு பண்ணாங்கங்கறது வேண்டாம். ரெண்டு வாரம் கழிச்சு படிச்சா, நீங்க போர்டுல நீளமா எழுதும்போதா, நோட்டு குடுக்கும்போதா, சீக்கிரம் முடிச்சவங்களுக்கு வேலை இல்லாதப்போவான்னு ஒரே இடம் திரும்பத் திரும்ப வரும். அடுத்த வாரம் அந்த ஒரு இடத்த மட்டும் மாத்துங்க: போர்டுல எழுதறதுதான் காரணம்னா பாதிய முன்னாடியே சார்ட்ல எழுதிட்டுப் போங்க, சீக்கிரம் முடிக்கறவங்கதான்னா போர்டு ஓரத்துல ரெண்டு கணக்கு கூடுதலா போட்டு வைங்க.